சாமந்தித் தோட்டத்து வெறுங்கால்

சாமந்தித் தோட்டத்தில் யாராவது செருப்போடு இறங்கினால் என் ஓரகத்தி சின்னம்மாள் மண்ணாங்கட்டியை எடுத்து வீசுவாள். சாமிக்குப் போகிற பூவாம். மருந்தடிக்க வருகிற ஆளானாலும், நல்லம்பள்ளியிலிருந்து வருகிற வியாபாரியானாலும் வரப்பிலேயே கழற்றிவிட வேண்டும். அவளும் கழற்றுவாள், இரண்டு காலிலும். இடது முழங்காலுக்குக் கீழே இருப்பது செயற்கைக் கால் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

உழவு ஓட்டும்போது டிராக்டரில் சிக்கிப் போன கால் அது. புதுக்கால் மாட்டிக்கொண்டு பூப்பறிக்க வந்து நின்றவளைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் இரண்டு வருஷம் போனதும், ஒரு குறையும் இல்லாத வலது முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் பூப்பறிப்பாள். மூட்டு தேய ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் தோட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"போன காலுக்கு ஒண்ணு மாட்டிக்கிட்டேன். இருக்கற காலும் போச்சுன்னா என்னடி பண்ணுவேன்?" என்று திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. யார்மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் வந்தது.

செயற்கைக் கால் பொருத்தித் தருகிற இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். அங்கே சுசித்ரா என்ற பெண் அவளைச் செருப்போடு நடக்கவிட்டுப் பார்த்தாள். நடையில் குறை இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க நல்லாத்தாங்க நடக்கறாங்க. தோட்டத்துல வெறுங்கால்ல நொண்டறத வந்து பாருங்க!"

"வெறுங்கால்லயா?" சுசித்ரா நிமிர்ந்தாள்.

செருப்பைக் கழற்றி நடக்கச் சொன்னாள். என்னையும் தரையில் உட்காரவைத்து, இடது முழங்காலைப் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு எட்டிலும் செயற்கைக் கால் அவள் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளியது. விழாமலிருக்க அவசரமாக வலது காலுக்கு மாறினாள். மொத்த பாரமும் அந்த மூட்டில் இறங்கியது.

"செருப்போட குதி உயரத்துக்கு வெச்ச காலுங்க இது. செருப்பக் கழட்டினா குதி கீழ எறங்கி, கால் பின்னால சாயுது. நம்ம கணுக்கால் தானா மடங்கி சரி பண்ணிக்கும். இதுக்கு அது தெரியாதுங்க."

அந்தச் செருப்பின் குதி ஒரு விரல் கனம்கூட இல்லை! வரப்பு, கல், சேறு என்று எதில் வைத்தாலும் நம்மைக் கேட்காமலே சரிக்கட்டிக்கொள்கிற என் காலை நானே குனிந்து பார்த்தேன். அந்த வேலை தெரியாத காலுக்கும் சேர்த்து இவள் ஒற்றை முழங்காலால் உழைத்திருக்கிறாளே!

"தோட்டத்துல செருப்பு போட்டுக்கங்கன்னா கேப்பீங்களா?" என்று சின்னம்மாளிடம் கேட்டாள் சுசித்ரா.

"செத்தாலும் மாட்டேன்."

சுசித்ரா சிரித்துவிட்டாள். கணுக்கால் பக்கத்துத் திருகுகளைத் தளர்த்தி, வெறுங்காலுக்குத் தக்கபடி சாய்வை மாற்றினாள். வெளியே போகக் குதி உயராத தட்டைச் செருப்பு வாங்கச் சொன்னாள். தேய்ந்தது தேய்ந்ததுதான், ஆனால் பாரம் குறைந்தால் வீக்கம் வடியும் என்றாள். தொடைக்குப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாள்.

ஆயுதபூஜைக்கு முந்தின பறிப்பில் நான் அவளுக்கு எதிர் வரிசையில் இருந்தேன். வரிசை முடிகிறவரை அவள் கை முழங்காலுக்குப் போகவே இல்லை.

"என்னடி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கற? வெயில் ஏறுது பாரு," என்று அதட்டினாள்.

இரண்டு கையாலும் பூப்பறித்துக்கொண்டிருந்தாள்.