அருந்தவன் சேர்த்த நூறு பேர்

புலம்பெயர்ந்து நோபல் பார்க்கில் குடியிருந்த அருந்தவன் தமது ஐம்பத்தேழாவது வயதில் ஓர் அரசியல் கட்சியின் தூணானார். கட்சியின் ஆயுள் பதினொரு கிழமை.

பெயர் 'உறுதியான ஒழுங்குக் கட்சி'. ஏற்கெனவே இருந்த ஒழுங்குக் கட்சியிலிருந்து அது பிரிந்தது முழுக்க முழுக்கக் கொள்கைக்காக. ஊர்வலம் போக விரும்புவோர் ஆறு மாதம் முன்பே அனுமதி கேட்க வேண்டும் என்றது பழைய கட்சி. கேட்கவே விடக்கூடாது என்றது புதியது. பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை நீக்குவது, அகதிகளின் மேல்முறையீட்டை ஒழிப்பது என்பனவும் அதன் அறிக்கையில் இருந்தன.

அருந்தவன் மேல்முறையீட்டில் வென்று இந்நாட்டில் தங்கியவர். மனைவி பவளம் அதை ஞாபகப்படுத்தினார்.

"அது அப்ப. இப்ப வாறவை வேற ஆக்கள்," என்றார் அருந்தவன்.

கோயில் நிர்வாகத் தேர்தலில் மூன்று தரம் தோற்றவர் அவர். கட்சித் தலைவரான வீட்டுத் தரகர் டெரன்ஸோ, நூறு உறுப்பினரைச் சேர்த்தால் மேலவை வேட்பாளர் நீதான் என்று கைகுலுக்கியிருந்தார். தெருவெல்லாம் தன் முகம் தொங்கும். அருந்தவனுக்கு நித்திரை போயிற்று.

தன்னை முதல் ஆளாகப் போட்டு, மிச்சத் தொண்ணூற்றொன்பது பேரையும் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டு விருந்தில், இடியப்ப வரிசையிலேயே பிடித்துவிட்டார். வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட ஒருவரும் மெனக்கெடவில்லை. அருந்தவண்ணை கேட்டால் மாட்டேன் என்றா சொல்வது?

பிறகு, பட்டியலைச் சரிபார்க்கத் தேர்தல் அலுவலகம் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தது. "நீங்கள் இந்த அமைப்பின் உறுப்பினரா?"

போர்க்காலத்தில் இராணுவச் சோதனைச்சாவடியிலும், கொழும்பு லொட்ஜிலும், தடுப்பு முகாமிலும் இவர்கள் பதில் சொல்லித் தேய்ந்த கேள்வி அது. தொண்ணூற்றொன்பது பேரும் பிசகாமல் சொன்னார்கள்: "இல்லை சேர். ஒரு அமைப்பிலயும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை."

பட்டியலில் இருந்த சிவபாலனை அருந்தவன் பிடித்து உலுக்கினார். "உமக்கென்ன விசரே? ஓம் எண்டு ஒரு சொல்லு!"

"வாய் தன்ரபாட்டில சொல்லிப்போட்டுது அண்ணை. உங்களைப் பற்றியும் கேட்டவை. நான் காட்டிக்குடுக்கேல்லை. ஆளையே தெரியாது எண்டனான்."

இன்னும் ஒரு வழி இருந்தது. அலுவலகம் அழைக்கும்போது தானும் உறுப்பினர், கையெழுத்துகளை வாங்கியதும் தானே என்று அருந்தவன் உறுதிசெய்தால் பட்டியல் பிழைக்கும், வேட்பாளரும் பிழைப்பார் என்றார் டெரன்ஸ். இரண்டு நாள் குளிக்கும்போதும் 'யெஸ், ஐ ஆம்' என்று சொல்லிப் பழகினார் அருந்தவன். மூன்றாம் நாள் வேலைக்கு லீவு போட்டு, மினுக்கிய சட்டையோடு குசினிக் கதிரையில் காத்திருந்தார்.

பின்னேரம் அழைப்பு வந்தது. அவர் எழுந்து நின்றார்.

"நீங்கள் இந்த அமைப்பின் உறுப்பினரா?" மரியாதையான பெண் குரல்.

"இல்லை சேர்," என்றார் அருந்தவன். "ஒருநாளும் இருந்ததில்லை."

அந்தப் பெண் நன்றி சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள். அவர் நின்றபடியே நின்றார். பவளம் அடுப்பைத் தணித்தார்.

"இஞ்சாருங்கோ, அவை வச்சிட்டினம். இனி கதிரையில இருக்கலாம்."