போய்வரும் நோட்டு

மாடி வீட்டுப் பெண்ணின் கைப்பேசி காலையிலிருந்து நாற்பது தரமாவது சிணுங்கியிருக்கும். அவள் மகன் படிக்கும் மூன்றாம் வகுப்புக்கென்று ஒரு பெற்றோர் குழு. நாளைக்கு நீலச் சட்டை என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சேதி வரும். அதற்கு ஒருவர் நன்றி சொல்வார். நன்றிக்குப் பதினேழு பேர் கைகூப்புவார்கள். நடுவில் யாரோ வீடு வாடகைக்கு இருக்கிறது என்று படம் போடுவார்கள்.

"இத்தனை வந்திருக்கு டீச்சர். என் பையன் இன்னைக்குச் சிரிச்சானா, உம்முனு இருந்தானா, அது மட்டும் ஒண்ணுலயும் இல்ல" என்றாள் அவள், படியிலேயே உட்கார்ந்துகொண்டு.

கீழ் வீட்டு டீச்சர் ஓய்வுபெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னமும் கடைத்தெருவில் அவரை 'நோட்டு டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். அவர் எழுந்து உள்ளே போனார். பீரோவின் அடித்தட்டிலிருந்து காக்கி அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். உடனே திறக்கவில்லை. அவருக்கு எதையும் அவசரமாகத் திறக்கிற பழக்கம் கிடையாது.

அந்தக் காலத்தில் பெற்றோரைப் பள்ளிக்கு அழைக்கிறார்கள் என்றால் பிள்ளை எதையோ உடைத்திருக்கிறான் என்று அர்த்தம். அப்பாவும் அம்மாவும் வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு, தாங்களே உடைத்த மாதிரி நிற்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் டீச்சர் இந்தக் கண்றாவியைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போனார். மூன்றாம் வருஷம் முப்பத்தாறு நோட்டு வாங்கினார். ஆளுக்கு ஒன்று. தினமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி அவர் எழுதி அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்து ஒரு வரி திரும்பி வர வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கோள்மூட்டக் கூடாது. ரெண்டு பக்கத்துக்கும் அது பொருந்தும்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று தலைமை ஆசிரியர் கேட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இடது கையில் ஸ்பூனும் வலது கையில் பேனாவுமாக டீச்சர் எழுதுவதைப் பார்த்து, ஆசிரியர் அறையில் "யாருக்குங்க முப்பத்தாறு காதல் கடுதாசி?" என்று கிண்டல் பண்ணினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்கள் வாய்.

முதல் மாதம் வீடுகளிலிருந்து வெறும் கையெழுத்துதான் வந்தது. அப்புறம் மெல்ல வாய் திறந்தார்கள். 'பல் விழுந்துவிட்டது, கூரைமேல் போட்டிருக்கிறோம்.' 'ராத்திரி எனக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள், எனக்குத்தான் வரவில்லை.' எழுதத் தெரியாத ஒரு காய்கறிக்கார அம்மா தினமும் ஒரு முகம் வரைந்து அனுப்பினாள். சிரித்த முகம் என்றால் மகன் நன்றாகத் தூங்கினான். வாய் கோணிய முகம் என்றால் இன்றைக்கு அவனிடம் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள். டீச்சர் பார்த்து நடந்துகொள்வார்.

அந்த வருஷத்தில்தான் தையற்காரர் மகள் டீச்சர் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வந்து மூன்றாவது வருஷம். ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகைப்பதிவுக்குக் கையைத் தூக்குவாள். தாகம் என்றால் தண்ணீர்ப்பானையைப் பார்ப்பாள். எழுத்தோ முத்து முத்தாக இருக்கும். காது கேட்கிறது, புத்திக்கு ஒரு குறையும் இல்லை. வாய் மட்டும் பள்ளி வாசலோடு பூட்டிக்கொள்ளும். தலைமை ஆசிரியர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வருஷக் கடைசியில வாய்விட்டு வாசிக்கணும். வாசிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

டீச்சர் நோட்டில் அதை எழுதவில்லை. 'பள்ளியில் பேசமாட்டேன் என்கிறாளே, வீட்டில் எப்படி?' என்று மட்டும் கேட்டு எழுதினார். மறுநாள் தையற்காரரிடமிருந்து வந்த வரியைப் படித்துச் சாப்பாடு புரையேறிவிட்டது. 'வீட்டில் இவளுக்குப் பேரே வாயாடிதான் டீச்சர். சாயங்காலம் கடைக்கு வந்து எனக்கு பாபினில் நூல் சுற்றித் தருவாள். சுற்றி முடிக்கும்வரை வாய் மூடாது. என் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதே இவளுக்கு வேலை.' தையல் மிஷினில் ஊசிக்கு அடியில் போடுகிற சின்ன உருளைதான் பாபின். அதில் நூல் இல்லாமல் மேல்நூல் மட்டும் எவ்வளவு ஓடினாலும் ஒரு தையலும் நிற்காது.

அன்றிலிருந்து டீச்சர் மனசுக்குள் அவளை வாயாடி என்றே கூப்பிட்டார். வெளியில் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

அப்புறம் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. நோட்டுகளை அன்றைய பக்கம் திறந்தபடி அடுக்கிவைப்பது பிள்ளைகளின் வேலை. அட்டையைப் பார்க்காமல், பதிவேட்டு வரிசைப்படி டீச்சர் மளமளவென்று எழுதிக்கொண்டே போவார். அன்றைக்கு யாரோ முட்டி அடுக்கு சரிந்துவிட்டது. அள்ளி எடுத்து அடுக்கினார்கள். எழுதினார். மணி அடித்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் தன் மகளின் நோட்டில் பேக்கரிக்காரர் எழுதியிருந்தார்: 'டீச்சர், நேற்று எழுதியதைப் படித்தோம். "இன்றும் அமைதியாக இருந்தாள். பொறுத்திருப்போம்." தாங்கள் எந்தக் குழந்தையைச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை.'

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேக்கரிக்காரர் மகள் தூக்கத்தில்கூடப் பேசுகிற ஜாதி. சிரிப்பு பாதியில் நின்றது. இவளுக்கு எழுதிய வரி எங்கே போனது?

அடுத்த நோட்டை எடுத்தார். அவருடைய கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது. 'இன்று உங்கள் மகள் வகுப்பின் முன்னால் நின்று கதை சொன்னாள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.' அதற்குக் கீழே, வழக்கமாக ரெண்டு மூன்று வரியோடு நிறுத்துகிற தையற்காரர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். 'மூன்று வருஷமாக இந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தோம் டீச்சர். இவள் அம்மா சத்தம்போட்டுப் படித்துவிட்டு அழுதாள். என்ன கதை என்று கேட்டோம், சொல்ல மாட்டேன் என்கிறாள். போகட்டும். தூங்கும்போது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.'

டீச்சர் நோட்டை மூடிவைத்தார். தலை நிமிர்ந்து பார்த்தால் இரண்டாம் பெஞ்சிலிருந்து வாயாடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். எழுதியது பொய் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதை யாரிடமும் சொல்லாமல் ராத்திரி முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

பூசி மெழுகிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. தோன்றியதற்காகத் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டார். பள்ளி விட்டதும் பையை மாட்டிக்கொண்டு நேரே தையற்கடைக்குப் போனார்.

எட்டடிக்கு ஆறடிக் கடை. ஒரு மேஜை, மிதி மிஷின் ஒன்று, பரணில் பழைய கைமிஷின் ஒன்று, கம்பியில் தொங்கும் பள்ளிச் சீருடைகள். மகளை நூல் வாங்கிவரச் சொல்லித் தையற்காரர் அனுப்பியிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் தையற்காரர் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். முகமெல்லாம் பல்.

"உக்காருங்க டீச்சர். நேத்து எங்க வீட்ல யாரும் சரியாச் சாப்பிடக்கூட இல்ல, சந்தோஷத்துல."

டீச்சர் உட்காரவில்லை. "நோட்டு மாறிப்போச்சுங்க. அந்த வரி உங்க பொண்ணுக்கு எழுதினது இல்ல. பக்கத்துப் பொண்ணுக்கு. பாக்காம எழுதிட்டேன். என் தப்பு."

தையற்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். டீச்சருக்கு அவர் நாலு வார்த்தை கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"அவ அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் கடைசியில். "நீங்க இதுக்காக நோட்டை மட்டும் நிறுத்திடாதீங்க டீச்சர்."

அதைக் கேட்டதும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. தலைமை ஆசிரியர் சொன்னதை அப்போதுதான் சொன்னார். வருஷக் கடைசி, வாய்விட்டு வாசிப்பது, வேற இடம், எல்லாம். இவ்வளவு நாள் மூடிவைத்ததும் தப்புதான் என்று அவருக்கே அங்கே நிற்கும்போது உறைத்தது.

தையற்காரர் யோசித்தார். "நான் ஒரு நாள் வகுப்புக்கு வரலாமா? சும்மா, ஒரு ஓரமா நின்னு பாக்க."

"ஓரமா எதுக்கு? கைமிஷினைத் தூக்கிட்டு வாங்க. எப்படித் தைக்கிறதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டுங்க."

இப்படி ஒரு பெற்றோர் வகுப்புக்குள் வந்து பாடம் நடத்துவது அந்தப் பள்ளியில் கேள்விப்படாத சங்கதி. தலைமை ஆசிரியரிடம் டீச்சர் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், எதற்கு வம்பு.

வெள்ளிக்கிழமை காலை சைக்கிள் கேரியரில் கைமிஷினைக் கட்டிக்கொண்டு தையற்காரர் வந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. மேஜைமேல் மிஷினை இறக்கியதும் மற்ற முப்பத்தைந்து பிள்ளைகளும் மொய்த்துக்கொண்டார்கள். வாயாடி மட்டும் பெஞ்சை விட்டு அசையவில்லை. அப்பாவைப் பார்க்கிறாள், குனிகிறாள், பார்க்கிறாள்.

இது துணி, இது ஊசி, இது மேல்நூல் என்று சொல்லி, ரெண்டு துண்டுத் துணியைச் சேர்த்துவைத்து அவர் சக்கரத்தைச் சுற்றினார். கடகடவென்று ஓடியது. எடுத்துக் காட்டினார். துணி ரெண்டும் தனித்தனியாக வந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். "அடடே" என்று தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி சுற்றினார். மறுபடியும் தனித்தனியாக வந்தன. ஊசியை உற்றுப் பார்த்தார். சக்கரத்தைத் தட்டினார். பேக்கரிக்காரர் மகள் "உங்களுக்குத் தைக்கவே தெரியலை" என்று போட்டு உடைத்தாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. பெரிய மனுஷனைக் கூப்பிட்டு இப்படி அவமானப்படுத்திவிட்டோமே என்று தவித்தார். மூன்றாவது தடவையாக அவர் சக்கரத்தில் கை வைத்தார்.

"அப்பா, பாபினே போடாம சுத்துறீங்க. சத்தத்துலயே தெரியலையா? எத்தனை தடவைதான் சொல்றது உங்களுக்கு."

வகுப்பு கப்சிப்பென்று ஆனது. வாயாடி எழுந்து நின்றிருந்தாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. உட்காரப் போனாள்.

"ஆமாம்மா, மறந்தே போச்சு" என்றார் தையற்காரர், ஒன்றுமே நடக்காதவர் மாதிரி. "எப்படிப் போடணும்னு இவங்களுக்கு நீயே சொல்லிடேன்."

அவள் வந்தாள். சொன்னாள். முதலில் அப்பாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பேக்கரிக்காரர் மகள் "கேக்கலை, கேக்கலை" என்று கத்தவும், கோபம் வந்து, உரக்கச் சொன்னாள்.

அன்று மதியம் டீச்சர் முதலில் அட்டையைப் பார்த்தார். அப்புறம் உள்ளே பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

வருஷக் கடைசியில் அவள் தலைமை ஆசிரியர் முன்னால் ஒரு பக்கம் வாசித்தாள். மெதுவாகத்தான். போதும் என்றார் அவர். அந்தப் பள்ளியிலேயே மேல்வகுப்புக்குப் போனாள். போகும்போது நோட்டை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு டீச்சர் அந்தப் பக்கத்தைத் திறந்து மாடி வீட்டுப் பெண்ணிடம் நீட்டினார். கைப்பேசி பக்கத்தில் இன்னொரு தரம் சிணுங்கியது. அவள் எடுக்கவில்லை.

மேலே டீச்சரின் கையெழுத்து: 'இன்று உங்கள் மகள் வகுப்பின் முன்னால் நின்று பேசினாள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. நோட்டு மாறவில்லை. ஆனால் உங்களைப் பார்த்து எல்லாரும் சிரிக்கும்படி ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.'

கீழே தையற்காரரின் ஒரு வரி: 'இருபத்திரண்டு வருஷமாகத் தைக்கிறேன் டீச்சர், பாபின் என் சட்டைப் பையில்தான் இருந்தது.'