கொமாண்டோக் கிழவரிடம் கேட்ட நற்சான்றிதழ்

மன்னாரில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டால் விதானையாரின் கடிதம், சுவாமியாரின் கடிதம், சமாதான நீதவானின் கடிதம் என்று மூன்றையும் இணைத்துத்தான் அனுப்புவோம். பெரிய மனிதர் ஒருவர் 'இவர் நல்லவர்' என்று கையெழுத்து வைக்காவிட்டால் அரசாங்கக் கந்தோரில் எங்களை ஆளாகவே மதிக்கமாட்டார்கள். அந்தப் புத்தியோடுதான் நான் டென்மார்க்குக்கும் வந்தேன்.

மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகியும் பதில் இல்லை. நான் இருந்த ஹோர்சன்ஸ் நகரத்துப் பொலிசில் கேட்டால், "விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் அமைச்சில் இருக்கிறது, காத்திருங்கள்" என்பார்கள். ஊரில் எந்நாளும் ஆமியின் சுற்றிவளைப்பு.

ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் ஒரு கிழவர் என்னோடு ஆங்கிலத்தில் கதைப்பார். ஆஸ்திரேலியர். ஜப்பான்காரனோடு நடந்த சண்டையில் திமோர் மலைகளில் கொமாண்டோவாக இருந்தவர். பிறகு ஒரு டெனிஷ் தாதியைக் கட்டி இங்கே வந்து, இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து, இப்போது அவளும் போய்த் தனியே இருந்தார். கொமாண்டோ என்றதும் முதலில் எனக்குப் பயம்தான். ஊரில் அரசாங்கப் படையின் அந்தப் பெயரைக் கேட்டாலே பின்வேலியால் பாய்ந்து ஓடினவன் நான். ஆனால், நாங்கள் நாலு பேர் இருந்த அறைக்கு வந்து அவர் கையால் சோறு குழைத்துத் தின்றதைப் பார்த்தபின் பயம் போய்விட்டது. "மலையில பழகினது" என்றார்.

ஆளுக்குப் பதக்கமும் இருந்தது. இதைவிடப் பெரிய மனிதர் எனக்கு எங்கே கிடைப்பார்?

"ஐயா, அமைச்சுக்கு எனக்கொரு நற்சான்றிதழ் எழுதித் தாங்கோ. பதக்கத்தையும் குறிப்பிடுங்கோ."

"அது மட்டும் கேளாதையும்."

எனக்குக் கொதி ஏறிவிட்டது. சோறு தின்ற கைக்கு ஒரு பேனை பிடிக்க ஏலாதோ என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். மலையில் ஒரு மனிதன் எட்டு மாதம் அவருடைய சுமையைத் தூக்கி, தன் பெண்சாதியைக்கொண்டு சமைப்பித்துச் சோறும் போட்டானாம். கப்பல் வந்தபோது சிப்பாய்களுக்கு மட்டும்தான் இடம். கொடுக்க வேறொன்றும் இல்லாமல், 'இவன் எங்களைக் காப்பாற்றியவன், நன்றாக நடத்துங்கள்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாராம். எழுத்து வாசனையில்லாத அந்த மனிதன் அதைக் கூரையில் பத்திரமாகச் செருகி வைத்திருந்தான். வீட்டைச் சோதித்த ஜப்பான்காரரின் கையில் அது அகப்பட்டது. புருசனையும் பெண்சாதியையும் முற்றத்திலேயே வெட்டினார்கள். சண்டை முடிந்து அங்கே போய்வந்த இன்னொரு சிப்பாய் சொல்லித்தான் இவருக்குத் தெரியும்.

"என்ர கையெழுத்துத்தான் அவையைச் சாகடிச்சது" என்றார். நான் பிறகு கேட்கவில்லை.

அந்த மாரியில் ஊரில் என் மனைவி மலேரியாக் காய்ச்சலில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் மருந்தில்லையாம். அடக்கம் முடிந்து மூன்று வாரத்துக்குப் பிறகுதான் ஊர்ச் சுவாமியாரின் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே கிழவரின் வீட்டுக்குப் போனேன். கொப்பன்ஹேகனில் இருப்பவனின் கழுத்தைப் பிடிக்க ஏலாது. இவருடைய கதவைத் தட்ட ஏலும்.

"நான் கேட்ட அண்டைக்கே நீங்கள் எழுதியிருந்தா அவள் இப்ப இஞ்ச உயிரோட இருந்திருப்பாள்!"

அவர், "ஓம், இருந்திருப்பா" என்றார்.

அடுத்த வருடம் மகள் தனியாக வந்து சேர்ந்தாள். கிழவர் பூசைக்கு வருவதை விட்டுவிட்டார். போய்ப் பார்க்கவேண்டும், பார்க்கவேண்டும் என்று வெட்கத்தில் நாளைக் கடத்தினேன், மடையன். ஒரு ஞாயிறு கோயில் பலகையில் அவருடைய மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. அடக்கத்துக்கு ஆறு பேர்தான் போனோம்.

அதற்கும் பிறகுதான் பத்திரிகைகளில் எல்லாம் வெளியே வந்தது. மகள் எனக்கு வாசித்துச் சொன்னாள். டெனிஷ் அவளுக்குத்தான் வடிவாய் வரும். எங்கள் தமிழ் ஆட்களின் விண்ணப்பக் கோவைகளை மேலிடத்து உத்தரவில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்களாம். கோதாரி! யார் கடிதம் எழுதியிருந்தாலும் ஒன்றும் நடந்திராது.

"அப்பா, ஏன் அழுறீங்கள்? அம்மாவை நினைச்சோ?"

ஓம் என்றேன். அது பாதி உண்மைதான். இரண்டு பேரின் சாவைச் சுமந்துகொண்டு இருந்த மனிதனின் தலையில் என் மனைவியின் சாவையும் ஏற்றி, அதோடேயே அவரைக் குழிக்குள் போகவிட்டுவிட்டேன்.