இருட்டுக் கூடத்தில் மஞ்சள்

வெள்ளிமலைக்குப் போகும் சாலையில், மலை ஏறி முடிந்த இடத்துக்குச் சற்று அப்பால், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று இருக்கிறது. முன்பு அது கடுக்காய்க் கிடங்கு. கல்யாணமாகி வந்த புதிதில் தைலம்மாள் அங்கேதான் கடுக்காய் உடைக்கப் போனாள். பிறகு கிடங்கை மூடிவிட்டார்கள். கூரை பொத்தலாகி, ஆடு மாடு ஒதுங்கும் இடமாகப் பல வருஷம் கிடந்தது. அதைக் கள்ளக்குறிச்சி அஜித் குத்தகைக்கு எடுத்தான். ஜன்னல்களை அடைத்தான். சுவருக்கும் தரைக்கும் கறுப்பு அடித்து, அதன்மேல் காட்டெருமை, கரடி, அருவி, மூங்கில் புதர் என்று மினுங்கும் சாயத்தில் வரைய வைத்தான். உள்ளே ஊதா விளக்கைப் போட்டால் மற்றதெல்லாம் இருட்டில் மறைந்துவிடும். படங்கள் மட்டும் பச்சையும் ஆரஞ்சுமாக எரியும். மலை பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மட்டையை எடுத்துக்கொண்டு, ஒளிரும் பந்தை மெல்லத் தட்டித் தட்டிக் குழிகளில் விழவைக்க வேண்டும். வாசல் பலகையில் மினி கோல்ஃப் என்று எழுதியிருந்தது. மலைக்காரர்கள் இருட்டுக் கூடம் என்றார்கள்.

கடுக்காய் உடைத்த இடத்திலேயே தைலம்மாளுக்கு மறுபடியும் வேலை அமைந்தது. காலையில் சாதாரண விளக்கைப் போட்டுக் கூட்டித் துடைப்பாள். பந்துகளைக் கழுவித் துணியில் பரப்புவாள். ஆட்கள் வரத் தொடங்கியதும் வாசலுக்கு வந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்வாள். ஊதா விளக்கு எரியும்போது உள்ளே நிற்பது ரம்யா என்ற பெண்ணின் வேலை. பல்லும் கண்ணும் மட்டும் தனியாக மிதக்கும் என்று ரம்யா சொன்னதிலிருந்து, அந்த நேரத்தில் தைலம்மாள் திரையைத் தாண்டி எட்டிப் பார்த்ததில்லை.

அவள் புருஷன் சடையன், சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைத்தவன். மழை பொய்த்த ஒரு வருஷம், வெளி மாநிலத்தில் மரம் வெட்டும் வேலை என்று யாரோ ஆள் சேர்த்தபோது அவனும் வண்டி ஏறினான். கூடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கியவன் மறுபடி வண்டி ஏறவில்லை என்று சொன்னார்கள். சடையனின் அண்ணன் கரியன் மூன்று முறை போய்த் தேடிவிட்டு வந்தான். அப்போது மகள் சங்கவி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்.

சங்கவியை ஐயப்பன் என்ற பையனுக்குக் கேட்டார்கள். நல்ல பையன், நல்ல இடம். பையனின் தாய் அமிர்தம், மலைக்கு வரும் வண்டிக்காரர்களுக்குச் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் ஆக்கிப் போடுகிறவள். அவள் ஒரே ஒரு விஷயத்தில்தான் தயங்கினாள். அவர்கள் வகையறாவில் ஒரு கட்டு உண்டு. ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டு வாசலில் பந்தக்கால் நடக் கூடாது. நட்டால் அந்தக் குறை புது ஜோடியைப் பிடிக்கும் என்பார்கள். சடையனுக்குக் காரியம் செய்து முடித்தால் பெண் எடுக்கிறோம் என்று அமிர்தம் சொல்லி அனுப்பினாள்.

தை மாதம் காரியம் நடந்தது. உடல் இல்லாததால் சடையன் உடுத்திய வேட்டியையும் அவன் அரிவாளையும் வைத்துப் புதைத்தார்கள். கரியன் மொட்டை அடித்துக்கொண்டான். பங்காளி வீட்டுப் பெண்கள் தைலம்மாளை ஓடைக்கு அழைத்துப்போய்த் தாலிக்கயிற்றை அறுத்துத் தண்ணீரில் விட்டார்கள். அவள் அழுத அழுகை அக்கரை வரை கேட்டது. ஆவணியில் சங்கவிக்கு முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள்.

இடையில் ஆடிப்பெருக்கு வந்தது. கட்டியவன் இருக்கிற பெண்கள் எல்லோரும் புதுக் கயிறு மாற்றிக்கொள்ளும் நாள். அன்று இரவு சங்கவி தூங்கிய பிறகு தைலம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சளை உரசி, நூலை முறுக்கி, அதில் தோயவைத்து, ஈரத்தோடு தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டாள். ஏன் செய்தாள் என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. நூலில் ஒரு மஞ்சள் கிழங்கு மட்டும் இருந்தது. விடிந்ததும் அவிழ்த்துத் துணியில் சுருட்டி வைத்தாள். கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சங்கவியின் சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கழுத்து மறையும் கறுப்புச் சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்கு ரம்யா வரவில்லை. காய்ச்சல் என்று போன் வந்தது. மேலே நல்ல மழை. அருவிக்குப் போகும் வழியை அடைத்துவிட்டதால், மணலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு வேன் கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்து வாசலில் வந்து நின்றது. எல்லாம் கரும்பு விவசாயக் குடும்பங்கள். அவர்களுக்கு மத்தியானச் சோறு அமிர்தத்திடம் சொல்லியிருந்தது. விறகு நனைந்து சோறு தாமதமாகும் என்று சொல்ல, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அமிர்தமே வந்திருந்தாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் நீ உள்ள நில்லு. பந்து உருண்டா எடுத்துக் குடுக்கணும், அவ்ளோதான்" என்றான் அஜித்.

"எனக்கு அந்த பேய் லைட்டு ஒத்துக்காது தம்பி."

"அது கடிக்காதுக்கா. போ."

கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவள் விஜயலட்சுமி. பெரிய வீட்டுக்காரி, கலகலப்பானவள். சாக்கை மடித்துக்கொண்டிருந்த அமிர்தத்தின் கையைப் பிடித்து இழுத்தாள். "மழை உடட்டும். நீயும் வந்து ரெண்டு தட்டு தட்டு. சோறு ஓடிப் போவாது."

"எனக்கு இன்னாம்மா தெரியும், கரண்டி புடிக்கிற கை."

"கரண்டிதான் இதுவும். கொஞ்சம் நீளம், வா."

எல்லோரும் திரைக்கு உள்ளே போனார்கள். அஜித் சாதாரண விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போட்டான்.

கூச்சல் கிளம்பியது. வெள்ளைச் சட்டைகளும் பாவாடைக் கரைகளும் நீலமாக எரிந்தன. அதைவிட வேடிக்கை பெண்களின் முகம். ஆடி மாதமென்று விடிகாலையில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வேன் ஏறியவர்கள். அத்தனை முகமும் இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தகதகத்தது.

"ஐயோ, இன்னாடி இது, உன் மூஞ்சில பல்பு எரியுது!" என்றாள் விஜயலட்சுமி, தன் ஓரகத்தி மலர்விழியைப் பார்த்து.

"எனக்குப் பாதிதான்க்கா எரியுது. உனக்கு ரெண்டு காதும் சேர்த்து எரியுது. கம்மியாவா பூசின, ஒரு கிலோ மஞ்சள கரைச்சில்ல ஊத்திக்கின!"

"எங்க அத்தை இருந்திருந்தா இந்த லைட்டப் போட்டே எவ குளிச்சா, எவ குளிக்கலன்னு கண்டுபுடிச்சிருக்கும்."

சிரிப்பில் பந்துகள் திசைக்கொன்றாக ஓடின. அதில் ஒன்று மூங்கில் புதர்ப் படத்தின் அடியில் போய் நின்றது. தைலம்மாள் அதை எடுக்கக் குனிந்தபோது தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். அவையும் எரிந்துகொண்டிருந்தன. விரலுக்குச் சொல்லிக்கொள்ளலாம், குழம்புக்கு மஞ்சள் போடாத பெண் எங்கே இருக்கிறாள். ஆனால் கழுத்துக்கு என்ன சொல்வது? சட்டைக் காலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரைப்பக்கமாக நகர்ந்தாள்.

பந்தை வாங்க மலர்விழி பக்கத்தில் வந்துவிட்டாள். அதை நீட்டியபோது காலர் ஒரு பக்கம் சரிந்தது.

"ஏம்மா, உன் தாலிக்கயிறு வெளிய வந்துகீது பாரு. உள்ள தள்ளிக்க" என்றவள், நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு வியந்துபோனாள். "யக்கா, இங்க வந்து பாரேன். கயிறே இல்ல, கயிறு இருந்த எடம் எரியுது! சோப்புப் போட்டாலும் போவல போல."

சொன்னவள் மனதில் ஒன்றும் இல்லை. அவள் பந்தை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டடி தள்ளி அமிர்தம் மட்டையோடு நின்றிருந்தாள். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. மட்டை மட்டும் அசையாமல் நின்றது. தைலம்மாள் காலரை விட்டுவிட்டாள். பார்த்தவளிடம் இனி எதை மறைப்பது?

ஆட்டம் முடிகிறவரை அமிர்தம் ஒன்றும் கேட்கவில்லை. தன் முறை வந்தபோது பந்தைத் தட்டவும் செய்தாள். கூட்டம் வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, கட்டடத்தின் பக்கவாட்டில், கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்துக்கு வரச் சொல்லித் தலையை அசைத்தாள். பகல் வெளிச்சத்தில் தைலம்மாளின் கழுத்தில் எதுவும் இல்லை.

"ஆடிப்பெருக்குக்குக் கட்டினியா?"

"ஆமாண்ணி. காலீல அவுத்துட்டேன்."

"யாரு கட்டி உட்டது?"

"நானேதான் கட்டிக்கினேன்."

"அவுரு இருக்கார்னு எவனாச்சும் சொன்னானா? போன் கீன் எதுனா வந்துச்சா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு?"

"இல்லன்னும் யாரும் வந்து சொல்லலியே அண்ணி. நாம பொதைச்சது வேட்டிய."

"அப்ப தையில ஓடைக்கரையில அழுதியே, அது?"

"அது நெசந்தான்."

"அதுவும் நெசம், இதுவும் நெசமா? இருக்கிற ஆளுக்குக் காரியம் செஞ்சா அது ஒரு பாவம். போன ஆளுக்குக் கயிறு கட்டினா அது ஒரு பாவம். ரெண்டுல எதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு ஒரே புள்ள."

மகளுக்காக இங்கே ஒரு பொய் சொல்லலாம், அது சுலபம். பழக்க தோஷம், தெரியாமல் கட்டிவிட்டேன் என்றால் அமிர்தம் ஒருவேளை நம்பியும் விடுவாள். நம்பினால் கல்யாணம் பேசியபடி நடக்கும்.

"தெரியலண்ணி" என்றாள். "காரியம் செஞ்சா மனசு ஒத்துக்கும்னு நெனைச்சேன். ஒத்துக்கல. சங்கவிக்கு இது தெரியாது. அவள ஒண்ணும் நெனைச்சிக்காதீங்க."

அமிர்தம் சாக்கை விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள்.

"உன் பொண்ணு மேல எனக்குக் குறை இல்ல" என்றாள் கடைசியில். "குறை உன் வாசல் மேல. அங்க பந்தக்கால் நட உட மாட்டேன். எங்க வாசல்ல போட்டுக்கலாம். ஏன் பொண்ணு வூட்ட உட்டுட்டு மாப்ள வூட்லன்னு ஊரு கேக்கும். அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும். மொதல்ல கரியண்ணனுக்குச் சொல்லு. இன்னைக்கே."

"கயிறு?"

"கட்டுன்னும் சொல்லல, அவுருன்னும் சொல்லல. திருட்டுத்தனமா மட்டும் வாணாம். நான் உனக்குச் சம்மந்தி ஆவப் போறவ."

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அமிர்தம் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அஜித் உள்ளேயிருந்து கூப்பிட்டான். அடுத்த வண்டி வந்திருந்தது. தைலம்மாள் மறுபடி உள்ளே போய் அந்த விளக்கின் கீழ் நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கயிற்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, சட்டை போடாமல், கரியன் வீட்டுக்கு நடந்தாள். அவன் வாசலில் மரவள்ளிக் கிழங்கில் மண் தட்டிக்கொண்டிருந்தான். தையில் மழித்த தலையில் முடி வளர்ந்திருந்தாலும் இன்னும் படியவில்லை, குத்திட்டு நின்றது. அவன் முதலில் பார்த்ததே கயிற்றைத்தான். கிழங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"தம்பி வந்துட்டானா?"

அந்தக் கேள்விக்குத் தைலம்மாள் தயாராக வரவில்லை. அவன் திட்டுவான் என்று நினைத்திருந்தாள். "இல்ல மாமா" என்றாள். பிறகு கூடத்தில் நடந்ததையும் அமிர்தம் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கரியன் உட்கார்ந்துவிட்டான். கோபம் அப்புறம்தான் வந்தது.

"எங்க வூட்டுப் பொண்ணுக்கு எங்க வாசல்ல பந்தல் கெடையாதா? நான் ஏன் மொட்ட போட்டேன்? நாளைக்கு அவன் வந்து நின்னா, உசுரோட இருக்கிறவனுக்குக் குழி வெட்டினியாண்ணான்னு கேக்க மாட்டானா?"

"கேட்டா நான் சொல்லிக்கிறேன் மாமா. தேடித் தேடி ஓஞ்சிதான் செஞ்சீங்கன்னு."

"அடுத்த தையில திதி வருது. குடுக்கறதா, வாணாமா? அதையாச்சும் சொல்லு."

"குடுங்க மாமா. உங்களுக்கு அவுரு போய்ட்டாரு. எனக்கு இன்னும் போவல."

கரியன் அவளைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், பிறகு கிழங்கைப் பார்த்தான். உள்ளே திரும்பி, அவளுக்குச் சோறு போடு என்று மனைவியிடம் சொன்னான். தான் சாப்பிடவில்லை.

ஆவணியில் ஐயப்பன் வீட்டு வாசலில் பந்தல் எழுந்தது. பந்தக்காலைக் கரியன் வந்து நட்டான். ஆரத்தித் தட்டை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது பெண்கள் தைலம்மாளின் கழுத்தில் கிடந்த கயிற்றைப் பார்த்தார்கள். யாரும் தட்டை அவள் பக்கம் நீட்டவில்லை. அவளும் கை நீட்டவில்லை. அமிர்தம் வேறொருத்தியைக் கூப்பிட்டாள். தைலம்மாள் பந்திக்குச் சோறு எடுத்துவரப் போனாள்.