ஸுலைகா அன்று சொன்னது

என் அண்ணன் மகள் ஸுலைகா தன் நிக்காஹ் அன்று என்னிடம் என்ன சொன்னாள் என்பது என் காதில் விழவில்லை. விழுந்ததாகச் சபையில் சொன்னேன். அவள் சம்மதித்துவிட்டாள் என்று, அத்தனை பேர் முன்னிலையில், வாய் கூசாமல் சொன்னேன்!

இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது... அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது.

கண்டியில் எனக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. காய்ச்சலில் படுத்தபோதுதான் முதலாளிக்குக் காது போனது என்று ஊர் நம்புகிறது. நம்பவைத்தவன் நானே. காய்ச்சல் வருவதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே என் காது போய்விட்டது.

காது போவது என்றால் என்ன நினைக்கிறீர்கள்? ஒரேயடியாக எல்லாம் அடங்கிவிடும் என்றா? இல்லை. பெரஹரா ஊர்வலத்தின் மேளம் எனக்கு நன்றாகக் கேட்டது. லொறியின் இரைச்சல் கேட்டது. ஆண்கள் பேசுவதில் பாதிக்கு மேல் கேட்டது. பெண்களின் குரல்தான் முதலில் போனது. அதிலும் தாழ்ந்த குரலில் பேசினால் ஒன்றுமே வராது.

கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு டொக்டரிடம் போனேன். போனது திரும்பாது, காதுக்குழல் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்றார். வாங்கினேன். கறுப்புப் பூசிய தகரக் குழல். ஒடுங்கிய முனையைக் காதில் வைக்கவேண்டும். அகன்ற முனைக்குள் மற்றவர் பேசவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில், சால்வைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஏன்? வெட்கம்... வேறென்ன! கண்ணாடி போட்டவனைப் படித்தவன் என்கிறார்கள். குழல் வைத்தவனைச் செவிடன் என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் அவ்வளவு பயந்தேன்.

அதனால் நடித்தேன். பிறர் சிரித்தால் சிரித்தேன். வாயசைவைப் பார்த்துத் தலையாட்டினேன். குறுக்கே பேசாமல் இருந்தேன். விளைவு என்ன தெரியுமா? எதையும் பொறுமையாகக் கேட்கிற மனிதர் என்று எனக்குப் பெயர் வந்தது! குடும்பத்தில் எந்தப் பிரச்சினை என்றாலும் என்னிடம்தான் வந்தார்கள்.

அண்ணன் இறந்துபோயிருந்தார். திகனயில் இருந்த அவருடைய வீட்டுக்கு நான்தான் ஆண் துணை. தகப்பன் இல்லாத ஸுலைகாவுக்கு நானே வலிகாரர். அவளை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. தெல்தெனியவிலிருந்து மாப்பிள்ளை வந்தது. மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், வயதும் கொஞ்சம் கூட. அவளுடைய உம்மாவுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிழையாகத் தெரியவில்லை.

நிக்காஹ் அன்று, அதை நடத்திவைக்க வந்த லெப்பை ஓதுவதற்கு முன், பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுவர உள்ளே போனேன். அறை வாசலில் திரை. அதற்கு அப்பால் அவள். சுற்றிலும் பெண்கள், பிள்ளைகள், ஒரே சந்தடி. "சம்மதமா மகள்?" என்று கேட்டேன்.

திரை அசைந்தது. அவள் நெருங்கி வந்தாள் என்பது தெரிந்தது. அவள் மூச்சுக்கூடத் துணியில் பட்டது. எதையோ சொல்கிறாள்... நீளமாகச் சொல்கிறாள்... சம்மதம் என்று சொல்ல அவ்வளவு நேரம் ஏன்? அந்தக் கேள்வி என் மனதில் எழுந்தது. எழவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

இன்னொரு தடவை சொல் மகளே என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் இத்தனை பெண்களுக்கும் தெரிந்துவிடுமே! தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். மீதியைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. காது போனதற்குச் சொல்ல நல்ல சாட்டு கிடைத்தது. குழலை வெளியே எடுத்தேன். சுவரோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்; ஒவ்வொருவராகப் பேசச் சொன்னேன்; முகத்தில் வெளிச்சம் படும்படி நிற்கச் சொன்னேன். மனைவியின் குரலைத் திரும்பக் கேட்ட அன்று அழுதுவிட்டேன். கடைக்கு வந்தவர்கள் மூன்று நாள் சிரித்தார்கள். நாலாம் நாள் பழகிப்போய்விட்டது. மூன்று நாள் சிரிப்பு! அதற்குப் பயந்தா ஒரு பெண்ணின் வாழ்க்கையை விட்டுக்கொடுத்தேன்?

ஸுலைகாவை அவளுடைய மாப்பிள்ளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் அவள் சிரித்து நான் பார்த்ததுமில்லை.

போன நோன்புக்கு முன், பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வந்தாள். கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் நாங்கள் இருவரும்தான். குழலின் அகன்ற முனையைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள்.

"சாச்சா, ஒன்பது வருஷமா கேக்கணும் எண்டு ஈந்தேன். அண்டைக்கு எனக்கு விருப்பமில்ல, உம்மாக்குத் தெரியாம எப்படியாவது நிப்பாட்டுங்க எண்டு ஒங்களுக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னேனே... கேட்டுக்கிட்டும் ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

இதோ, கேட்டுவிட்டாள். உண்மையைச் சொல்ல இதைவிட வேறு நேரம் எது? ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கேட்டேன் மகள்... ஒன்ட நல்லதுக்குத்தான்."

கல்நெஞ்சன் என்று பெயரெடுப்பதுகூடச் செவிடன் என்று பெயரெடுப்பதைவிட மேலாகத் தெரிந்ததா எனக்கு? இத்தனைக்கும் குழல் காதில்தானே இருந்தது! எனக்கே என்னைப் புரியவில்லை.

அவள் குழலை விட்டுவிட்டு, எடுத்த துணிகளை மடித்து வைத்தாள். பிறகு மறுபடியும் குழலைப் பிடித்தாள்.

"அது போதும் சாச்சா. நீங்க எதையோ யோசிச்சுத்தான் செஞ்சிருப்பீங்க எண்டு நெனச்சித்தான் இவ்வளவு காலமும் மனசத் தேத்திக்கிட்டேன். நான் சொன்னது ஒங்களுக்குக் கேக்கவே இல்ல எண்டு ஈந்தா... எனக்குத் தாங்க ஏலாமப் போயிருக்கும்."

இனி நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் என் பாரம் இறங்கும். அவள் தலையில் ஏறும். சொல்லாமல் இருப்பது அவளுக்காகவா, எனக்காகவா? அதையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. களைத்துவிட்டேன்.

இப்போது அவள் மாதம் ஒரு தடவை வருகிறாள். மற்றவர்கள் குழலுக்குள் கத்துகிறார்கள். அவள் மட்டும் அவசரப்படாமல், மெதுவாகப் பேசுகிறாள். ஒரு சொல் தப்பாமல் எனக்குக் கேட்கிறது.