ஓடிவரப் பத்தடி

எங்கள் கெல்டன் டவுன் கால்பந்து கிளப் மேல் லீக்கிலிருந்து விழுந்த அன்று, டிவியில் கோட்டு போட்ட இரண்டு பேர் உட்கார்ந்து, புதிதாக ஏறிவரும் அணிகளுக்கு இரண்டாம் வருடம் ஒரு கண்டம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கண்டமாம்! ஏறிவந்து இரண்டாம் வருடமும் தாக்குப்பிடித்த அணிகள் எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பக்கம் மட்டும் அந்தக் கண்டம் எட்டிப்பார்க்காதா? எனக்கு இந்த ஜோசியமெல்லாம் தெரியாது. மைதானத்துக்குப் பின்தெருவில் முடி வெட்டுகிறவன் நான். என் மனைவி ஷீனாவின் தம்பி டேரில் ஹோல்ராய்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

டேரில் முதலில் கூரைக்கு ஓடு போடும் வேலையில் இருந்தான். கிளப் நாலாம் டிவிஷனில் கிடந்த காலத்தில் வலது பக்கத் தடுப்பாட்டத்துக்கு ஆள் இல்லாமல் அவனை எடுத்தார்கள். ஓட்டம் சுமார். தலையால் முட்டுவது சுமார். இடது கால் நிற்பதற்கு மட்டும். ஆனால் பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டால் போதும், ராஜா அவன்தான். துண்டில் பந்தைத் துடைப்பான். கோட்டுக்கு வெளியே பத்தடி பின்னால் போய், அங்கிருந்து ஓடிவந்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் எடுத்து வீசுவான். மற்றவர்கள் எறிந்தால் பக்கத்தில் நிற்பவன் காலில் விழும் பந்து, இவன் எறிந்தால் நேரே கோல் வாசலில் போய் இறங்கும். அங்கே எங்கள் நெட்டையன்கள் இரண்டு பேர் முட்டித் தள்ளக் காத்திருப்பார்கள்.

இதை வைத்துத்தான் டிவிஷன் டிவிஷனாக ஏறி, மேல் லீக்கில் முதல் வருடம் பன்னிரண்டாவதாக வந்தோம். பெரிய கிளப் மேனேஜர்கள் எல்லாம் தோற்றுப்போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இதெல்லாம் கால்பந்தே இல்லை" என்றார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். டேரில் துண்டைக் கையில் எடுத்தால் தின்பண்டம் விற்கிற பெண்கள்கூடக் கடையை விட்டு ஓடிவருவார்கள். அவன்மேல் ஒரு பாட்டே கட்டி ஊர் முழுக்கப் பாடியது.

அந்தக் கோடையில் கிளப்பின் வியாபாரத்தைப் பார்க்க ஃபென்விக் என்று ஒருவன் வந்தான். வந்ததும் பக்கக் கோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் மெத்தை வைத்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டான். கால்மேல் போர்த்திக்கொள்ளக் கம்பளி, கையில் ஒயின். கோட்டுக்கும் முதல் நாற்காலிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். டேரில் அவனைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறான். அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்து, பேசியதை அப்படியே சொன்னான்.

"சார், இங்க நாற்காலி போட்டா நான் எங்கேர்ந்து ஓடிவர்றது?"

"எதுக்கு ஓடணும்?"

"பந்து எறியத்தான்."

"டேரில், நாம இப்ப பெரிய கிளப்பு. இனிமே அழகா கால்ல ஆடப்போறோம். கைய வீசி வீசி எத்தன நாளைக்குப் பொழைக்கிறது?"

"போன வருசம் பொழச்சோமே சார். ஒரே ஒரு சந்து விடுங்க போதும். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"அந்த எடம்தான்ப்பா மொத மொதல்ல வித்துப்போச்சு. நீ எறியறத கிட்டேர்ந்து பாக்கணுமாம் அவங்களுக்கு."

இதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. "ராத்திரியோட ராத்திரியா போய் எல்லாத்தையும் ஒடச்சுப் போட்டுரவா?" என்றேன்.

"சும்மா இருங்க மாமா. ரெண்டடி கெடச்சா போதும், மிச்சத்த தோளு பாத்துக்கும்."

"தோளு என்ன கடையிலயாடா விக்குது?" என்று ஷீனா மாடியிலிருந்து கத்தினாள். அன்றைக்கு உருப்படியாகப் பேசியவள் அவள்தான்.

ஓடிவந்து எறியும்போது உடம்பு முழுக்க வேலை செய்யும். நின்ற இடத்திலிருந்து எறிந்தால் எல்லாப் பாரமும் தோளில்தான். எறியாமல் இருந்திருக்கலாம். ஆனால் எறியாத டேரிலுக்கு அணியில் என்ன வேலை? அது அவனுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தோள் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடினான். பந்து பாதி தூரத்தில் விழுந்தது. அழகாக ஆட வாங்கி வந்த டென்மார்க்காரன் மழையைக் கண்டாலே முகம் சுளித்தான். கிறிஸ்துமஸ் வருவதற்குள் பட்டியலின் அடியில் கிடந்தோம்.

போன வருடம் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஊர்தானே, அதே வேகத்தில் கீழே போட்டது. தபால்காரன் டெரன்ஸ் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, "என்ன மால்க், உன் மச்சினன் பந்து எறியறானா, இல்ல கல்யாணப் பொண்ணு மேல அரிசி தூவறானா?" என்றான். பின்மண்டையில் ஒரு படிக்கட்டு வெட்டி அனுப்பினேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

கடைசி வாரம், எங்கள் மைதானம். ஜெயித்தால் தப்பிப்போம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒன்றுக்கு ஒன்று. பந்து மெத்தை நாற்காலிகளுக்கு முன்னால் வெளியே போனது. டேரில் துண்டை எடுத்தான். பிறகு திரும்பி, முன்வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதரிடம் குனிந்து ஏதோ கேட்டான். எதிர்ப்பக்கத்திலிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டது இதுதான் என்று பிறகு சொன்னான்:

"சார், கொஞ்சம் எழுந்து ஒதுங்கறீங்களா? நாற்காலிய மடக்கிட்டா எனக்கு ரெண்டடி கெடைக்கும்."

"நான் ஒதுங்கிட்டா நீ எறியறத எப்படிப்பா பாக்கறது?" என்றாராம் அவர், சிரித்த முகத்தோடு.

அதற்குள் நேரம் கடத்துகிறான் என்று நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டினார். டேரில் நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். பந்து கோல் வாசலுக்குப் போகவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு விழுந்ததைப் பார்த்தேன். எதிராளிகள் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, எங்கள் வாசலில் கோல் போட்டார்கள். அப்போது எங்கள் ஆட்கள், எங்கள் சொந்த ஆட்கள், அவனுக்காகக் கட்டிய பாட்டைக் கை தட்டிச் சிரித்துக்கொண்டே பாடினார்கள்.  

மேனேஜரை விரட்டினார்கள். ஃபென்விக் இதைவிடப் பெரிய கிளப்புக்குப் போய்விட்டான். அவனுக்கு எந்தக் கண்டமும் இல்லை. ஜூன் மாதம் புது மேனேஜர், பெயர் ப்ராத்வைட், டேரிலைப் பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷன். உட்காரும் முன்பே விஷயத்துக்கு வந்தார்.

"கீழ லீக்குல அந்த மெத்தை சீட்டுக்கெல்லாம் எவனும் வர மாட்டான், டேரில். எடுக்கச் சொல்லிட்டேன். அணிய உன்ன வச்சுத்தான் கட்டப்போறேன். பழையபடி ஓடிவந்து எறி. எனக்கு அது போதும்."

ஷீனா டீ கொண்டுவந்து வைத்தாள். டேரில் எழுந்து நின்று, பந்து பிடிப்பதுபோல இரண்டு கையையும் தூக்கினான். இடது கை தலைக்கு மேலே போனது. வலது கை காது வரை வந்து நின்றுவிட்டது. அவன் பல்லைக் கடித்தும் அது மேலே ஏறவில்லை. டாக்டர் இனிமேல் அவ்வளவுதான் என்று சொன்னதை அவன் அதுவரை எங்களிடம் சொல்லவே இல்லை. ப்ராத்வைட் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்பப் பாத்துக்க" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டார். டீயைத் தொடவில்லை.

கதவு சாத்தியதும் டேரில் உட்கார்ந்தான். 

"எத்தன வரிசை நாற்காலி எடுத்துட்டாங்களாம், மாமா?"

"எல்லாத்தையும்டா" என்றேன்.