கம்ப்ரசருக்கு எழுதிய நான்கு மெயில்கள்

நண்டுக் கம்பெனியில் பாதிப் பேர் நண்டோடு மல்லுக்கட்டுகிறார்கள், மீதிப் பேர் பதில் வராத மெயிலோடு. நான் இரண்டாவது கூட்டம்.

எங்கள் கூடம் மண்டபம் என்கிற ஊரில் இருக்கிறது. தேவிபட்டினத்திலும் திருப்பாலைக்குடியிலும் அவித்த நண்டு காலையில் வேனில் வந்து இறங்கும். நாற்பது பெண்கள் ஓட்டை உடைத்துச் சதை எடுப்பார்கள். அது டப்பாவில் அடைபட்டு கோல்டு ரூமுக்குப் போகும். எங்களுக்கு எது வேண்டுமென்றாலும் தூத்துக்குடித் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும். போனில் கேட்டால், “மெயில் போடுங்க” என்பார்கள். போடுகிறவன் நான். அனுப்பிவிட்டு மணிக்கொரு தரம் திறந்து பார்த்து ஏமாறுகிறவர்களுக்கு, மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

மரியாதைக்குக் குறைவில்லை

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு கோல்டு ரூம் கம்ப்ரசர் சத்தம் போட ஆரம்பித்தது. தகரத்தில் யாரோ உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி. அது நின்றால் நண்டு இறக்க முடியாது. நண்டு இறக்காவிட்டால் நாற்பது பேருக்கும் வேலை கிடையாது. அன்றைக்கே மெயில் எழுதினேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் பன்னிரண்டு வருடம் மனு தட்டச்சு செய்தவன் நான். அந்தக் கை மாறவில்லை. ‘மண்டபம் கூடம் தொடர்பாக’ என்று தலைப்பு வைத்தேன். முதல் பத்தியில் வணக்கம். இரண்டாவதில் அந்த இயந்திரம் வாங்கிய வரலாறு. கடைசியில் ‘தக்க நடவடிக்கை எடுக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்’. மனுவை எப்படி எழுதினாலும் வாங்கி முத்திரை குத்தியாக வேண்டும். மெயிலுக்கு அந்தக் கட்டாயம் யாருக்கும் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஐந்து நாள் கழித்து, தலைமை அலுவலகத்துக் கொள்முதல் பிரிவு செல்வின் வேறு விஷயமாகப் போன் செய்தார். என் மகன் வயதுதான் இருக்கும். மெயில் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“வந்துச்சு சார். நல்ல மரியாதையா எழுதியிருந்தீங்க. என்ன வேணும்னுதான் சொல்லல.”

ஏழு பேருக்கு நகல்

அடுத்த மெயிலை ஏழு பேருக்கு அனுப்பினேன். அதில் ஒருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏழு பேர் பார்த்தால் ஒருவராவது பதில் போடுவார் என்பது என் கணக்கு. அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அது உண்மையில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால், ‘ஏழு பேரிடம் சொன்னேனே’ என்று காட்டுவதற்குத்தான் அத்தனை பேரையும் சேர்த்தேன். நான் கேட்டது பதில் இல்லை, சாட்சி.

சாட்சிகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே செல்வினுக்குப் போன் போட்டேன்.

“பெரிய ஆளுங்க பேரெல்லாம் இருந்துச்சே சார், அவங்கள்ல யாராச்சும் பார்த்துக்கிடுவாங்கன்னு விட்டுட்டேன்.”

கையுறை வந்தது

மூன்றாவது மெயிலில் புத்திசாலித்தனமாக எண் போட்டேன். ஒன்று கையுறை, இரண்டு தராசுக்குப் பேட்டரி, மூன்று சாக்கடைக்குக் கம்பி வலை, நான்கு கம்ப்ரசர், ஐந்து சோப்பு. கம்ப்ரசரை ஏன் நான்காவதாகப் போட்டேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய விஷயத்தைத் தனியாகக் கேட்க எனக்குப் பயம். சின்னச் சாமான்களுக்கு நடுவே நுழைத்துவிட்டால் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன் போல.

மூன்றாம் நாள் வேனில் கையுறை வந்தது. சோப்பும் வந்தது. சதை எடுக்கிற பெண்களுக்கு மேற்பார்வை ஜமீலா. வாயைத் திறந்தால் சுற்றிவளைக்கத் தெரியாதவர். பெட்டியைப் பிரித்து ஒரு ஜோடி கையுறையை என் மேஜையில் போட்டார்.

“இத மாட்டிக்கிட்டு எதைத் தொட? அங்கன அது உசுர விட்டுக்கிட்டுக் கெடக்கு, உங்க காதுல விழுகலையாண்ணே?”

பதினொரு மணிக்குள்ள

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்ப்ரசர் நின்றது. இருந்த டப்பாக்களை ஐஸ் கொட்டி மூடினோம். வேனைத் திருப்பி அனுப்பினோம். பெண்கள் வாசலில் நின்றார்கள். ஜமீலா என்னிடம் வந்து, இதுவரை எழுதியதை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன். கம்ப்ரசர் என்ற சொல் வருவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது.

“போதும்ணே. அவுக இப்ப என்ன செய்யணும்?”

“ராமநாதபுரம் மெக்கானிக்கைக் கூப்பிட அனுமதி தரணும்.”

“எப்பக்குள்ள?”

“பதினொரு மணிக்குள்ள சொன்னா அவர் இன்னைக்கே வந்துருவார்.”

“சொல்லாட்டி?”

“நாளைக்கும் இவங்களுக்கு வேலை இல்ல.”

“அம்புட்டுத்தான். அத எழுதுங்க.”

செல்வின் ஒருவருக்கு மட்டும் எழுதினேன். தலைப்பிலேயே ‘கோல்டு ரூம் நின்றுவிட்டது, பதினொரு மணிக்குள் அனுமதி தேவை’ என்று போட்டேன். கீழே நான்கு வரி. கை பழக்கத்தில் ‘பணிவுடன்’ பக்கம் போனது. “இன்னும் என்னத்தத் தட்டுறீக?” என்றார் ஜமீலா. அனுப்பிவிட்டேன். ஒன்பதாவது நிமிடம் ‘சரி, கூப்பிடுங்கள்’ என்று பதில் வந்தது. பின்னாலேயே செல்வின் போனில் வந்தார்.

“மேல கேட்டு வாங்க ரெண்டு நிமிசம்தான் சார் ஆச்சு. மூணு வாரமா இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?”

முதல் வரி

மெக்கானிக் மத்தியானமே வந்தார். சத்தம் வந்தபோதே கூப்பிட்டிருந்தால் பேரிங்கை மாற்றி அரைநாளில் முடித்திருக்கலாம் என்றார். இப்போது உள்ளே எல்லாம் தேய்ந்துபோய், சாமான் மதுரையிலிருந்து வர வேண்டியதாயிற்று. மறுநாளும் கூடம் திறக்கவில்லை. நாற்பது பேருக்கு இரண்டு நாள் வேலை போனது. மெயிலுக்குப் பதில் போடாதவர்களைத் திட்டிப் பார்த்தேன், மனசு ஆறவில்லை. ஒன்பது நிமிடத்தில் பதில் வாங்கத் தெரிந்த மெயிலை முதல் நாளே எழுதாதது யார்?

புதன்கிழமை வேன் வந்தது. நண்டுக் கூடைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஜமீலாவிடம் போனேன். மனு தட்டச்சு செய்த காலம், தலைமை அலுவலகத்தின் வழக்கம், ஏழு பேருக்கு அனுப்பியது என்று ஆரம்பித்தேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “இதுவும் உங்க மெயில் மாதிரியே போகுதே. என்ன சொல்ல வாரீக?” என்றார். “தப்பு என் மேலதான்” என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“அத மொத வரியிலேயே சொல்லியிருந்தா, நா இந்நேரம் நாலு கூடை எடை போட்டிருப்பேன்ல.”

இப்போது என் மெயில்கள் நான்கு வரியைத் தாண்டுவதில்லை. அதையே சொல்ல எனக்கு இத்தனை பத்தி ஆகியிருக்கிறது என்பதை ஜமீலாவிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.